“நல்லா இருக்கேன்மா” என்று சொல்லும் பிள்ளைகள்

(‘கடல் கடந்து கல்வி’ என்ற தலைப்பில் நடைபெற்ற தொலைக்காட்சி மன்றத்தில், சுங்கை பூலோவைச் சேர்ந்த தொலைக்காட்சி அறிவிப்பாளர் ஆற்றிய உரை.)



வழக்கமாக நான் கேள்வி கேட்கும் நாற்காலியில் உட்காருகிறவள். இன்று பேசும் இடத்தில் நிறுத்திவிட்டார்கள். பேசுகிறவர்களை “ஒரு நிமிடம்தான் இருக்கிறது” என்று எத்தனையோ முறை அவசரப்படுத்தியிருக்கிறேன். அந்தப் பாவம் எல்லாம் இன்று என் தலையில் விடியும் என்று நினைக்கிறேன்.

எனக்கு முன் பேசிய பெரியவர்கள் எந்த நாட்டில் என்ன படிக்கலாம், கட்டணம் எவ்வளவு, கடனுதவி எங்கே கிடைக்கும் என்று விளக்கினார்கள். மிக நல்ல தகவல்கள். நான் அதற்குப் பிறகு நடப்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கே.எல்.ஐ.ஏ.வில் கட்டிப்பிடித்து அழுது, மாலை போட்டு, படம் பிடித்து அனுப்பிவைத்த பிள்ளை, அந்த ஊரில் இறங்கிய மறுநாள் காலையில் ஒரு கடைக்குப் போய் உப்பு வாங்க வேண்டும். அந்த உப்பைப் பற்றித்தான் என் பேச்சு.

என்னுடைய முதல் வெளிநாட்டுப் பயணம் என் பதின்மூன்றாவது வயதில் நடந்தது. விமானம் ஏறவில்லை. பள்ளி பஸ்ஸில்தான் போனேன். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்து, யு.பி.எஸ்.ஆர். தேர்வில் மலாய் மொழியில் தேவையான தேர்ச்சி இல்லாததால் 2002-ஆம் ஆண்டு புகுமுக வகுப்பில் போட்டார்கள். என் வயதுப் பிள்ளைகள் படிவம் ஒன்றில் உட்கார்ந்திருக்க, நான் ஓர் ஆண்டு முழுவதும் மலாய் படித்தேன். முதல் வாரம் கழிவறைக்குப் போக அனுமதி கேட்கும் வாக்கியம் மறந்துபோய், மணி அடிக்கும் வரை அடக்கிக்கொண்டு இருந்தேன். இங்கே சிலர் சிரிக்கிறீர்கள். சிரிக்கிறவர்கள் எல்லாரும் புகுமுக வகுப்பில் என் சகாக்கள் என்று எனக்குத் தெரியும்! இன்று யு.பி.எஸ்.ஆர். இல்லை, 2021-இல் எடுத்துவிட்டார்கள். ஆனாலும் அந்த ஆண்டை நான் நன்றியோடுதான் நினைக்கிறேன். மொழி தெரியாத இடத்தில் அறிவாளியும் முட்டாள் மாதிரிதான் தெரிவான் என்பது எனக்குச் சிறு வயதிலேயே புரிந்துவிட்டது.

அதனால் 2010-இல் பொதுத்தொடர்புத் துறை டிப்ளோமா படிக்கும்போது, மூன்று மாத தொழிற்பயிற்சிக்குச் சென்னை போகலாம் என்றதும் நான் துள்ளிக் குதித்தேன். தோழிகள் சிலர் சிங்கப்பூர் போனார்கள், ஒருத்தி ஜாகர்த்தா போனாள். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? எனக்கு மொழிப் பிரச்சினையே வராது. நான் போவது தமிழ்நாட்டுக்கு. என் சொந்த மொழிக்கு!

சொந்த மொழியில் ஊமை

முதல் நாள் அலுவலகத்தில் எல்லாரிடமும் அன்பாகப் பழக வேண்டும் என்று, பக்கத்தில் இருந்த அண்ணனிடம் “பசியாறிட்டீங்களா?” என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு நாலு பேரைக் கூப்பிட்டு, “இந்தப் பொண்ணு சொல்றதைக் கேளுங்க” என்றார். நமக்குப் பசியாறுவது என்றால் காலை உணவு. எஸ்டேட் லயத்திலிருந்து கொண்டோமினியம் வரை அதுதான் வார்த்தை. அங்கே அது ‘டிபன்’. இத்தனைக்கும் தமிழ்நாட்டு முஸ்லிம் குடும்பங்களில் பசியாறுவது என்ற சொல் இன்றும் புழக்கத்தில் உண்டு. அந்த அலுவலகத்தில் அது தெரிந்தவர் யாரும் அன்று இல்லை.

“மோட்டார் எங்கே நிறுத்துவீங்க?” என்று கேட்டேன். மோட்டார் மொட்டைமாடியில் தண்ணீர் ஏற்றுவதற்கு இருக்கிறது, அதை ஏன் நிறுத்த வேண்டும் என்றார்கள். நான் கேட்டது மோட்டார் சைக்கிளை. கடையில் “இது எத்தனை வெள்ளி?” என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். கடைக்காரர், “இது ஸ்டீல்மா, வெள்ளி இல்லை” என்றார். சாப்பாட்டைப் புங்குஸ் பண்ணச் சொல்லிவிட்டு நான் நிற்பேன். பரிமாறுகிறவரும் நிற்பார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே இருப்போம்.

இதெல்லாம் வேடிக்கை. ஊருக்கு வந்து சொன்னால் எல்லாரும் சிரிப்பார்கள். ஆனால் ஒரு நாளைக்கு இருபது முறை இப்படி நடந்தால், ஏழாவது நாள் உங்களுக்கு வாயைத் திறக்கவே மனம் வராது. இதைத்தான் நான் சொல்ல வருகிறேன். பிறமொழி பேசும் நாட்டுக்குப் போகிறவன் தனக்குத் தெரியாது என்று தெரிந்தே போகிறான். நான் எனக்குத் தெரியும் என்று நினைத்துப் போனவள். விழுந்த அடி பலமாகத்தான் இருந்தது.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. நம் நாட்டுத் தமிழ்ப்பள்ளிகளிலும் வானொலியிலும் நாம் பழகிய தமிழ் கொஞ்சம் சட்டை போட்டு, டை கட்டிய தமிழ். நாம் ‘பேருந்து’ என்போம், ‘கைத்தொலைபேசி’ என்போம், ‘மின்னஞ்சல்’ என்போம். வடபழனியில் ஒருவரை நிறுத்தி, “பேருந்து நிலையம் எங்கே இருக்கிறது?” என்று கேட்டேன். அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். எங்கேயாவது கேமரா ஒளித்து வைத்திருக்கிறதோ என்று தேடினாராம்! ஒலிப்பதிவுக் கூடத்தில் நான் ஒரு பக்கம் வாசித்து முடித்ததும் அந்த அண்ணன், “நீங்க சிலோனா மேடம்?” என்று கேட்டார். மலேசியா என்றேன். “ஓ, அங்கேயும் தமிழ் பேசுவாங்களா?” என்றார். நம் நாட்டில் 1816-ஆம் ஆண்டு பினாங்கில் தொடங்கிய தமிழ் வகுப்பு வரலாறு, ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள், நாளிதழ்கள், வானொலி எல்லாம் என் தொண்டை வரை வந்தன. ஆனால் எதைச் சொன்னாலும் என் உச்சரிப்பைத்தான் ரசிப்பார்கள் என்று தோன்றியதால் வெறுமனே தலையாட்டினேன்.

அந்தத் தலையாட்டலும் ஒரு பிரச்சினை. ஒரு நிகழ்ச்சித் தயாரிப்பாளரிடம், ஒரு சின்னப் பகுதியை நான் எழுதித் தரட்டுமா என்று கேட்டேன். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி, “பார்க்கலாம்மா” என்றார். நான் இரண்டு இரவு கண் விழித்து எழுதிக்கொண்டு போய்க் கொடுத்தேன். மேசையிலேயே கிடந்தது. ஒரு வாரம் கழித்து அலுவலக அக்கா ஒருவர்தான் சொன்னார், “பார்க்கலாம்னா வேணாம்னு அர்த்தம் பாப்பா.” எனக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்தேன். நம் ஊரில் “தெங்கோக் டூலு லா” என்று சொன்னால் என்ன அர்த்தம்? அதே அர்த்தம்தான்! மலாயில் புரிந்தது எனக்குத் தமிழில் புரியவில்லை.

“நீங்க என்ன ஆளுங்க?”

ஒன்றை மட்டும் சிரித்துச் சொல்ல முடியவில்லை. நான் ஒரு வீட்டின் மாடி அறையில் வாடகைக்குத் தங்கியிருந்தேன். வீட்டுக்காரம்மா நல்லவர். இரண்டாம் நாளே ஒரு தட்டில் இட்லி கொண்டு வந்து கொடுத்தார். கொடுத்துவிட்டு, “நீங்க என்ன ஆளுங்க?” என்று கேட்டார்.

நான், “மலேசியா ஆளு ஆன்ட்டி” என்றேன்.

“அது தெரியும்மா. பூர்வீகம்?”

“சுங்கை பூலோ.”

“அங்கே வர்றதுக்கு முன்னாடி?”

எனக்கு அப்போதுதான் விளங்கியது, அவர் ஊரைக் கேட்கவில்லை என்று. நம் சமுதாயத்தில் சாதி இல்லை என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். கல்யாணப் பேச்சு வரும்போது எங்கிருந்தோ எழுந்து வருகிறது, எல்லாருக்கும் தெரியும். ஆனால் எங்கள் வீட்டில் அதைப் பிள்ளைகள் காதில் போட்டதில்லை. எனக்கு உண்மையிலேயே பதில் தெரியாது. என் கொள்ளுத்தாத்தா எந்த ஊரிலிருந்து கப்பல் ஏறினார் என்பதுகூடத் தெரியாது. என் பாட்டி சுங்கை பூலோவில் ரப்பர் ஆய்வுக் கழகத்தின் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். இன்று குவாசா டாமான்சாரா என்று எம்.ஆர்.டி. நிலையமும் அடுக்குமாடிகளும் நிற்கிற நிலம் அது. அந்த மரங்களுக்கு முந்திய கதையை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

“தெரியாது ஆன்ட்டி” என்றேன். அவர் நம்பவில்லை. தெரிந்தே மறைக்கிறேன் என்று நினைத்திருப்பார். அதற்குப் பிறகு இட்லி வரவில்லை. அவ்வளவுதான் நடந்தது. யாரும் என்னைத் திட்டவில்லை, துரத்தவில்லை. ஒரு தட்டு இட்லி நின்றுபோனது. ஆனால் இருபத்தொரு வயதில், தனியாக, தெரியாத ஊரில் அந்த இட்லி எவ்வளவு பெரியது என்பதை நான் எப்படி விளக்குவது?

அலுவலகத்திலிருந்து வரும் வழியில் ஒரு தொலைபேசிக் கடை இருந்தது. சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு ஞாயிறும் அம்மாவிடம் பேசுவேன். “எப்படிம்மா இருக்க?” “நல்லா இருக்கேன்மா.” “சாப்பாடெல்லாம்?” “எல்லாம் ஓக்கேம்மா.” அம்மாவுக்குத் திருப்தி. எனக்கு முப்பது ரூபாய் செலவு. இப்படியே மூன்று ஞாயிறு பொய் சொன்னேன்.

போர்வைக்கு மேல் தூங்கிய மேதை

இங்கே நான் ஒரு பெரிய மனிதரைத் துணைக்குக் கூப்பிடுகிறேன். கணித மேதை சீனிவாச ராமானுஜன். அவருடைய கணிதம் எனக்குச் சத்தியமாகப் புரியாது. ஆனால் ராமானுஜன் வெளிநாட்டில் இருந்த கதை எனக்கு நன்றாகப் புரிகிறது.

கும்பகோணம் அரசுக் கல்லூரியில் படிக்கும்போது கணிதத்தில் புலி. ஆனால் ஆங்கிலக் கட்டுரைத் தாளில் தேறாமல் போய், உதவித்தொகையை இழந்தார். பிறகு மதராஸ் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் கணக்கர் வேலை. 1913-இல் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். 1914 மார்ச் மாதம் ‘நெவாசா’ என்ற கப்பலில் புறப்பட்டார். கப்பல் ஏறும் முன்பு குடுமியை வெட்ட வேண்டியிருந்தது, கோட்டும் ஷூவும் போட வேண்டியிருந்தது. குடும்பத்தார் கண்ணில் படும் முன்பே இது நடக்கட்டும் என்று தாயாரையும் மனைவியையும் முன்கூட்டியே ஊருக்கு அனுப்பிவிட்டார் என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் இவருக்கு அறை கொடுத்தார்கள். அப்போது கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த இன்னோர் இந்திய மாணவர் மஹலநோபிஸ். பிற்காலத்தில் இந்தியாவின் புள்ளியியல் துறைக்கே தந்தை எனப் போற்றப்பட்டவர். அவர் ஒரு நாள் ராமானுஜனின் அறைக்குப் போய், இரவில் குளிர் தாங்குகிறதா என்று விசாரித்தார். தாங்கவில்லை என்றார் ராமானுஜன். ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு, சால்வையையும் சுற்றிக்கொண்டு தூங்குவதாகச் சொன்னார். மஹலநோபிஸ் படுக்கையறைக்குள் போய்ப் பார்த்தார். கம்பளிகள் எல்லாம் கட்டிலில் ஒழுங்காகத்தான் இருந்தன. ஆனால் ஆங்கிலேயர் வழக்கப்படி அவற்றின் ஓரங்களை மெத்தைக்கு அடியில் இறுகச் செருகி, மேலே ஒரு விரிப்பை விரித்திருந்தார்கள். அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது ராமானுஜனுக்குத் தெரியவில்லை. அவர் அந்த விரிப்பின் மேலேயே இத்தனை இரவுகளும் படுத்திருக்கிறார். மஹலநோபிஸ்தான் போர்வையை விலக்கிக் காட்டிக் கொடுத்தார்.

பெற்றோர்களே, கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். உலகத்தில் யாருக்கும் தெரியாத கணிதமெல்லாம் தெரிந்தவர். ஆனால் “இந்தக் கட்டிலில் எப்படிப் படுப்பது?” என்று ஒரு வேலைக்காரரிடமோ பக்கத்து அறைக்காரரிடமோ கேட்கவில்லை. ஆங்கிலம் தெரியாமலா? கப்பல் ஏறும்போதே ஆங்கிலத்தில் பேசவும் எழுதவும் தெரிந்தவர்தான். கூச்சம். இதைக்கூடக் கேட்டால் என்ன நினைப்பார்கள் என்ற கூச்சம். மொழித் தடை, மொழித் தடை என்கிறோம். பாதித் தடை அகராதியில் இல்லை, இங்கே நெஞ்சுக்குள் இருக்கிறது.

சாப்பாட்டுக் கதை அதைவிடக் கஷ்டம். சுத்த சைவம். கல்லூரி உணவுக்கூடத்தில் சாப்பிடாமல் தன் அறையிலேயே சமைத்தார். ஊரிலிருந்து புளியும் மற்ற சாமான்களும் பார்சலில் வந்தன. இன்று நாம் சம்பல் இக்கான் பிலிஸ் கட்டி அனுப்பவில்லையா, அதேதான். ஆனால் போன ஐந்தாம் மாதமே, 1914 ஆகஸ்டில், முதல் உலகப் போர் வெடித்தது. காய்கறிக்குத் தட்டுப்பாடு, தபாலுக்குத் தடுமாற்றம். கணக்குப் போட உட்கார்ந்தால் சமைக்க மறந்துவிடுவார்.

ஒரு முறை சாட்டர்ஜி என்ற இந்திய நண்பரையும் அவருக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த பெண்ணையும் இன்னொரு பெண்ணையும் விருந்துக்கு அழைத்து, தன் கையாலேயே சமைத்துப் பரிமாறினார். ரசம் ஊற்றினார், குடித்தார்கள். மறுபடியும் ஊற்றினார், குடித்தார்கள். மூன்றாம் முறை ஊற்ற வந்தபோது பெண்கள் போதும் என்றார்கள். சிறிது நேரத்தில் பார்த்தால் ராமானுஜனைக் காணவில்லை! தேடினார்கள், கிடைக்கவில்லை. சில நாள் கழித்து ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து தந்தி வருகிறது, ஐந்து பவுண்டு பணம் அனுப்புங்கள் என்று. தான் பரிமாறியதை வேண்டாம் என்று சொன்னதை அவரால் தாங்க முடியவில்லை.

முதன்முறை இதைப் படித்தபோது நானும் சிரித்தேன். இரண்டாம் முறை என் இட்லித் தட்டு ஞாபகம் வந்தது. தும்பை வைத்துத்தான் பலூனை உடைக்க வேண்டும் என்பதில்லை, அது ஏற்கெனவே நிறைய ஊதியிருந்தால் விரல் பட்டாலே போதும்.

1917-இல் அவர் நோயில் விழுந்தார். காசநோய் என்று அன்றைய மருத்துவர்கள் வைத்தியம் பார்த்தார்கள். கல்லீரலைத் தாக்கிய அமீபா நோயாக இருந்திருக்கலாம் என்பது பிற்கால ஆய்வு. ஊரிலே மாமியார் மருமகள் சண்டை. தான் கணவருக்கு எழுதிய கடிதங்களை மாமியார் போகவிடாமல் செய்தார் என்று ஜானகி அம்மாள் பிற்காலத்தில் கூறியிருக்கிறார். 1918 தொடக்கத்தில் ராமானுஜன் லண்டனில் சுரங்க இரயில் தண்டவாளத்தில் விழுந்தார். இரயில் சில அடி தூரத்தில் நிறுத்தப்பட்டு உயிர் பிழைத்தார். அதே ஆண்டில்தான் அவரை ராயல் சொசைட்டியின் ஃபெலோவாகவும், டிரினிட்டி கல்லூரியின் ஃபெலோவாகவும் தேர்ந்தெடுத்தார்கள். தண்டவாளமும் விருதும் ஒரே ஆண்டில். 1919-இல் ஊர் திரும்பி, 1920 ஏப்ரல் 26-ஆம் நாள், 32 வயதில் காலமானார்.

பேராசிரியர் ஹார்டியை நான் குறை சொல்லவில்லை. ராமானுஜனை உலகுக்குக் காட்டியவர் அவர்தான். ஆனால் அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். இளவயதில் எந்தப் புத்தகங்களைப் பார்த்தாய் என்று தினமும் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. ஒவ்வொரு நாளும் அரை டஜன் புதுத் தேற்றங்களோடு வந்து நிற்கும் மனிதரிடம் அதைக் கேட்டுத் தொல்லை கொடுப்பது அபத்தமாகத் தோன்றியது என்ற பொருளில் எழுதுகிறார். நம் வீடுகளிலும் இதுதானே நடக்கிறது? தேர்வு முடிவு நன்றாக வருகிறதா, வேறு கேள்வி இல்லை.

பத்து ரோஜாப்பூ

எங்கள் தாமானில் ஒரு தம்பி இருக்கிறார். பெயர் சொல்ல மாட்டேன், என் பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பார். அவருடைய அனுமதியோடுதான் சொல்கிறேன்.

ரஷ்ய மொழி பேசும் ஒரு நாட்டுக்கு மருத்துவம் படிக்கப் போனார். அந்தப் பக்கம் நம் பிள்ளைகள் நிறையப் போன காலம் உண்டு. கிரிமியா மருத்துவப் பல்கலைக்கழகப் பட்டத்தின் அங்கீகாரம் மீட்டுக்கொள்ளப்படுவதாக 2005-இல் அறிவிப்பு வந்தபோது நம் சமுதாயத்தில் எழுந்த கொந்தளிப்பு பலருக்கு நினைவிருக்கும். அது வேறு கதை. இது படிப்பறைக்கு வெளியே நடந்த கதை.

முகவர்கள் “ஆங்கிலத்தில்தான் பாடம்” என்றார்கள். பொய் இல்லை. பாடம் ஆங்கிலத்தில்தான். ஆனால் நோயாளி? மருத்துவமனைக்குள் நுழைந்ததும் கட்டிலில் படுத்திருக்கும் பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது. எங்கே வலிக்கிறது, எப்போதிருந்து வலிக்கிறது, இரவில் அதிகமா என்று ரஷ்ய மொழியில் கேட்டு, அவர் பல் இல்லாத வாயால் சொல்வதைப் புரிந்துகொண்டு எழுத வேண்டும். அதே கதை வேறு இடங்களிலும் உண்டு. மலாக்கா மணிப்பால் கல்லூரியில் சேர்ந்து முதல் பகுதிப் படிப்புக்கு இந்தியாவின் மணிப்பாலுக்குப் போன நம் பிள்ளைகள், இந்தியாதானே, தமிழை வைத்துச் சமாளிக்கலாம் என்று நினைத்துப் போய், கடைத்தெருவில் துளுவும் கன்னடமும் கேட்டு விழித்த கதையைக் கிள்ளானில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

இந்தத் தம்பிக்கு முதலில் எழுத்தே எதிரி. ‘பெக்டோபா’ என்று ஒரு பலகை நம் கண்ணுக்குத் தெரியும். அது உண்மையில் ‘ரெஸ்தரான்’. ஆங்கில எழுத்து மாதிரியே இருக்கும், ஒலி வேறு. ஆசிரியர் தினத்தன்று தன் ஆசிரியைக்கு மரியாதை செய்ய நினைத்து, கையிலிருந்த காசைப் போட்டுப் பத்து ரோஜாப்பூ வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். அந்த அம்மாவின் முகம் மாறிவிட்டது. வகுப்பே அமைதி. அந்த ஊரில் இரட்டைப்படையில் பூக்கொடுப்பது இறந்தவர்களுக்கு மட்டும்தான்! யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. நாம் மொய் எழுதும்போது 50 வெள்ளி வைக்காமல் 51 வெள்ளி வைக்கிறோமே, ஒரு சீனத் தோழருக்கு அது யார் சொல்லாமல் தெரியும்?

கடையில் யாரும் சிரிப்பதில்லை. பஸ்ஸில் யாரும் சிரிப்பதில்லை. தன் நிறத்தைப் பார்த்துத்தான் வெறுக்கிறார்கள் என்று இவர் நினைத்துக்கொண்டார். அப்படி வெறுத்தவர்களும் சிலர் இருந்திருக்கலாம். ஆனால் முன்பின் தெரியாதவரைப் பார்த்துச் சிரிப்பது அங்கே வழக்கமே இல்லை, தங்களுக்குள்ளும் அப்படித்தான் என்பது இரண்டு ஆண்டு கழித்துத்தான் அவருக்குத் தெரிந்தது. பனிக்காலத்தில் தொப்பி போடாமல் போனபோது தெருவில் ஒரு பாட்டி கத்தினாராம். பயந்து ஓடியிருக்கிறார். தொப்பி போடு, காது உறைந்துவிடும் என்று சொல்லித்தான் அந்தப் பாட்டி திட்டினார் என்பதும் பிறகுதான் தெரிந்தது.

தெரிந்தபோது நேரம் கடந்துவிட்டது. அறைக்கதவை மூடிக்கொண்டு படுத்தவர், வகுப்புக்குப் போகவில்லை. வீட்டுக்குப் பேசும்போதெல்லாம் “நல்லா இருக்கேன்மா”. இரண்டாம் ஆண்டு முடிவில் திரும்பி வந்தார். வீட்டை அடமானம் வைத்து அனுப்பிய அப்பா, ஆறு மாதம் மகனோடு பேசவில்லை. அம்மா கோயிலுக்குப் போவதை நிறுத்திக்கொண்டார். “டாக்டர் எப்போ வருவார்?” என்று நாலு பேர் கேட்பார்களே! திரும்பி வந்த பையனை வீட்டுக்குள்ளேயே ஒளித்து வைத்திருந்தார்கள். அண்டை வீட்டில் இருந்த எனக்கே நான்கு மாதம் கழித்துத்தான் தெரியும்.

நேயர்களே, அந்தப் பையன் களவு செய்தானா, கொலை செய்தானா? தோற்றுப்போனான். அதுவும் படிப்பில்கூட இல்லை. இதைப் பற்றிப் பேசத்தான் நான் இந்த மேடைக்கு ஒப்புக்கொண்டேன். திரும்பி வரலாம் என்று தெரிந்த பிள்ளை, முதல் மாதமே உண்மையைச் சொல்லும். திரும்பி வந்தால் முகத்தில் விழிக்க முடியாது என்று நினைக்கும் பிள்ளை, கடைசி வரை நல்லா இருக்கேன் என்றுதான் சொல்லும்.

பாட்டி கேட்ட கேள்வி

என் கதையைப் பாதியில் விட்டேன். நான்காவது ஞாயிறு நான் அழைத்தபோது அம்மா வீட்டில் இல்லை. பாட்டி எடுத்தார். பாட்டிக்கு வெளிநாட்டு அழைப்பு என்றால் காசு ஓடும் என்ற பயம். நலம் விசாரிக்கவெல்லாம் நேரமில்லை. எடுத்த எடுப்பில், “நேத்து ராத்திரி என்னா சாப்பிட்ட?” என்றார்.

எனக்கு உடனே பொய் வரவில்லை. நல்லா இருக்கேன் என்ற பதிலுக்கு அங்கே இடமே இல்லை. நேற்று இரவு நான் சாப்பிட்டது ஒரு பிஸ்கட் பொட்டலம். “பிஸ்கட்டு” என்றேன். “முந்தா நாளு?” என்றார். “பிஸ்கட்டு.” அதற்கு மேல் பேச முடியாமல் அழுதேன். சிவப்பு எண்கள் ஓடின. கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பாட்டி, “வந்துர்றியா?” என்றார். திட்டவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. “வந்துர்றதுன்னா வந்துரு. மாமாவ ஏர்போட்டுக்கு அனுப்புறேன்.” அவ்வளவுதான். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவர் போல, “அந்த வீட்டம்மா என்னமோ கேட்டுச்சுன்னு உங்கம்மா சொன்னா. கேட்டா, பால் மரம் வெட்டுற ஆளுங்கன்னு சொல்லு” என்றார்.

வரலாம் என்று சொல்லிவிட்டதால் நான் வரவில்லை. எப்போது வேண்டுமானாலும் போகலாமே, இன்னும் ஒரு வாரம் பார்ப்போம் என்று தோன்றியது. மறுநாள் அந்த அலுவலக அக்காவிடம் போய், எனக்கு இந்த ஊர்ப் பேச்சு பாதி புரியவில்லை, சொல்லிக் கொடுங்கள் என்று கேட்டேன். அவர் சிரித்தார். பிறகு மதிய சாப்பாட்டு நேரத்தில் தினமும் பத்து வார்த்தை சொல்லிக் கொடுத்தார். பதிலுக்கு நான் அவருக்கு மலாய் சொல்லிக் கொடுத்தேன். “சுடா மாக்கான்?” என்று இன்றும் எனக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்புகிறார். வீட்டுக்காரம்மாவிடம் பாட்டி சொன்ன பதிலைச் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. இட்லியும் வரவில்லை. எல்லாக் கதையும் இனிமையாக முடிய வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லையே.

அந்தத் தம்பி இன்று நாட்டிலேயே வேறு துறையில் டிப்ளோமா முடித்து வேலையில் இருக்கிறார். ரஷ்ய மொழி இன்னும் மறக்கவில்லை. கோலாலம்பூரில் வழி தெரியாமல் நின்ற ஒரு ரஷ்யச் சுற்றுப்பயணிக் குடும்பத்தை எம்.ஆர்.டி.யில் ஏற்றிவிட்டு வந்து, அன்று முழுவதும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தையை மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டார்.

எனக்குக் கொடுத்த நேரம் முடிந்துவிட்டது, நம் நடுவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒன்று மட்டும். என் அக்கா மகள் வரும் செப்டம்பரில் படிக்கப் போகிறாள். பெரிய பெட்டி வாங்கியாகிவிட்டது. குளிர்ச் சட்டை வாங்கியாகிவிட்டது. வீட்டில் ஆளாளுக்கு அறிவுரை சொல்கிறார்கள். அவள் என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்: “சித்தி, அந்த ஹாஸ்டல்ல ரைஸ் குக்கர் வச்சிக்க விடுவாங்களா?” எனக்குத் தெரியவில்லை. நேற்று இரவு நாங்கள் இருவரும் உட்கார்ந்து அந்த விடுதிக்கு மின்னஞ்சல் எழுதினோம். பதில் இன்னும் வரவில்லை.